நபிமார்களை ஒப்பிடலாமா?

கடந்த தவணையில் ஒருநாள் தரம் 10 வகுப்பில் ஈமானின் அடிப்படைகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நபிமார்களை நம்புவது பற்றிய பகுதி. பின் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், ஒரு சந்தேகம்" என்றாள். அவள் கையில் ஒரு கொப்பித் தாள் இருந்தது. அதில் ஸூரதுல் பகராவின் இரண்டு ஆயத்துகளின் இலக்கங்களை எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

ஒன்று 285ஆம் ஆயத்து. அல்லாஹ்வின் தூதர்களில் எவருக்கிடையிலும் நாம் வேற்றுமை காட்டுவதில்லை என்பது முஃமின்களின் கூற்றாக அதில் வருகிறது. மற்றையது 253ஆம் ஆயத்து. தூதர்களில் சிலரை வேறு சிலரை விட மேன்மைப்படுத்தியிருப்பதாக அல்லாஹ்வே அதில் கூறுகிறான். "ஒரே ஸூராவில், 32 ஆயத்து இடைவெளியில், வேற்றுமை இல்லை என்றும் இருக்கிறது, மேன்மை இருக்கிறது என்றும் இருக்கிறது. எது டீச்சர்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. மூன்றாம் ஜுஸ்உ தொடங்குவதே அந்த 253ஆம் ஆயத்தில்தான். 285ஆம் ஆயத்தோ நம்மில் பலர் இரவில் படுக்கும்போது ஓதும் கடைசி இரண்டு ஆயத்துகளில் முதலாவது. இரண்டுமே நம் வாயில் புழங்குபவை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்குத்தான் தோன்றியிருக்கிறது. பதிலைத் தொடங்கினேன். பாதியில் மணி அடித்துவிட்டது. மிகுதியைச் சஞ்சிகையில் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அந்தக் கடனைத்தான் இங்கே அடைக்கிறேன்.

இன்னொரு கடனும் உண்டு. அது நாற்பது வருடத்துக் கடன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கற்பிட்டியில். எங்கள் வீட்டுக்கு அடுத்த வேலி ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அவர்களது மகளும் நானும் ஒரே வயது. சிப்பி பொறுக்குவதும், மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்பதும் ஒன்றாகத்தான். பத்து வயதிருக்கும்போது ஒருநாள், எதில் தொடங்கியதென்று ஞாபகமில்லை, எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. "எங்கட இயேசு செத்தவர எழுப்பினவர். உங்கட நபி அப்படிச் செஞ்சவரா?" என்று அவள் கேட்டாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எங்கட நபிதான் எல்லாருக்கும் பெரியவர் என்று சொன்னதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஈஸா (அலை) அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

திண்ணையில் இருந்த வாப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கடலோடும் மீனோடும் காலம் போக்கிய மனிதர், கிதாபு படித்தவரல்ல. அடிப்பார் என்றுதான் பயந்தேன். அடிக்கவில்லை.

"ஈஸா நபி யாருட நபி?"

"அவங்கட."

"அப்ப உன்ட இல்லியா?"

நான் பேசாமல் நின்றேன். "நீ அந்தப் புள்ளக்கி ஏசல்ல மகள். உன்ட நபி ஒருத்தருக்குத்தான் ஏசியிருக்கிறாய்" என்றார் வாப்பா.

பிற்காலத்தில் தஃப்ஸீரும் ஹதீஸும் படித்தபோது, வாப்பா அன்று திண்ணையில் இருந்து சொன்னதைத்தான் 285ஆம் ஆயத்து சொல்கிறது என்பதைக் கண்டேன். அந்த ஆயத்து பேசுவது நம்பிக்கை கொள்வதைப் பற்றி. அல்லாஹ்வையும், மலக்குகளையும், வேதங்களையும், தூதர்களையும் நம்புவதைச் சொல்லிவிட்டுத்தான் வேற்றுமை காட்டாமையைச் சொல்கிறது. ஒருவரை ஏற்று மற்றவரை மறுக்கும் வேற்றுமை அது. ஸூரதுன் நிஸாவின் 150, 151ஆம் ஆயத்துகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சிலரை நம்புவோம், சிலரை மறுப்போம் என்று நடுவில் ஒரு பாதை எடுக்க நினைப்பவர்களை அங்கே அல்லாஹ் மிகக் கடுமையாகக் கண்டிக்கிறான். தவ்றாத்தைக் கொண்டுவந்த மூஸா (அலை) அவர்களையோ, கன்னித்தாய் மர்யமின் மகனையோ நபியாக ஏற்காத ஒருவர், முஹம்மத் (ஸல்) அவர்களை எவ்வளவுதான் நேசித்தாலும் முஸ்லிமாக முடியாது. நம்மில் எத்தனை பேர் இதை இந்தக் கோணத்தில் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

ஸூரதுஷ் ஷுஅராவில் ஒரு நுட்பம் இருக்கிறது. நூஹ் (அலை) அவர்களின் கூட்டத்தாருக்கு வந்தவர் நூஹ் நபி ஒருவர்தான். ஆனால் 105ஆம் ஆயத்து, நூஹின் சமூகம் "தூதர்களை" பொய்ப்பித்ததாகப் பன்மையில் சொல்கிறது. ஆது, ஸமூது, லூத்தின் கூட்டம், ஐகாவாசிகள் என்று அடுத்தடுத்து வரும் எல்லோரைப் பற்றியும் அதே பன்மைதான். ஒவ்வொரு கூட்டமும் மறுத்தது தமக்கு வந்த தூதரை. கணக்கில் எழுதப்பட்டதோ எல்லாத் தூதர்களையும் மறுத்ததாக. அனுப்பியவன் ஒருவன், கொண்டுவந்த அடிப்படைச் செய்தியும் ஒன்று என்பதால், ஒருவரைப் பொய்யர் என்பது அத்தனை பேரையும் பொய்யர் என்பதாகும் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள்.

நபித்துவம் என்ற அந்தப் பதவியில், ஆகவே, கூடக்குறைய இல்லை. பாதி நபி, முக்கால் நபி என்று ஒருவரும் இல்லை.

இனி 253ஆம் ஆயத்து. இது அல்லாஹ் கொடுத்ததைப் பற்றிப் பேசுகிறது. தூதர்களில் ஒருவருடன் அவன் நேரடியாகப் பேசினான். சிலரைப் பல படித்தரங்கள் உயர்த்தினான். ஈஸா (அலை) அவர்களுக்குத் தெளிவான அத்தாட்சிகளைக் கொடுத்து, ரூஹுல் குத்ஸைக் கொண்டு வலுவூட்டினான். ஸூரதுல் இஸ்ராவின் 55ஆம் ஆயத்தும் நபிமாரிடையே மேன்மையைச் சொல்லி, உடனே தாவூத் (அலை) அவர்களுக்கு ஸபூர் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. இப்ராஹீம் (அலை) அல்லாஹ்வின் உற்ற நண்பர், கலீலுல்லாஹ். நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா, முஹம்மத் ஆகிய ஐவரையும் உலுல் அஸ்ம், உறுதிமிக்க தூதர்கள் என்று அறிஞர்களில் பெரும்பாலானோர் குறிப்பிடுகின்றனர். ஸூரதுல் அஹ்ஸாபின் 7ஆம் ஆயத்திலும் ஸூரதுஷ் ஷூறாவின் 13ஆம் ஆயத்திலும் இந்த ஐவரும் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பது அதற்கு ஆதாரம்.

அந்த ஐவரிலும் மேலானவர் நமது நாயகம் (ஸல்) அவர்கள் என்பதில் முஸ்லிம்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. அவர்கள் இறுதி நபி. மனித குலம் முழுவதற்கும் அனுப்பப்பட்டவர்கள். மறுமை நாளில் ஆதமின் மக்களுக்கெல்லாம் தலைவர் தாமே என்று அவர்களே சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. அதே செய்தியைத் திர்மிதீ பதிவு செய்யும்போது, இதில் பெருமையடித்தல் இல்லை என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. அந்தச் சிறு சொல்லை நாம் பெரும்பாலும் விட்டுவிட்டு மிகுதியை மட்டும் மனப்பாடம் செய்துவிடுகிறோம்.

இந்த இடத்தில்தான் வகுப்பில் மணி அடித்தது. ஆனால் விஷயத்தின் சுவையான பகுதி இதற்குப் பிறகுதான் இருக்கிறது. மேலானவர் யார் என்று தெரிந்துவிட்டால், அதைச் சொல்லிக்கொண்டு திரியலாமா? இதற்கு விடை மதீனாவின் சந்தையில் கிடைக்கிறது.

அபூ ஹுரைரா (ரழி) அறிவிக்கும் இந்த நிகழ்வு ஸஹீஹுல் புஹாரியில் இருக்கிறது. யூதர் ஒருவர் தமது சரக்கை விற்றுக்கொண்டிருந்தார். யாரோ கேட்ட விலை அவருக்குப் பிடிக்கவில்லை. மனிதர்கள் அனைவரையும் விட மூஸாவைத் தேர்ந்தெடுத்தவன் மீது ஆணையாக, இந்த விலைக்குத் தரமாட்டேன் என்றார். வியாபாரத்தில் சாதாரணமாக வாயில் வரும் சத்தியம்தான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அன்ஸாரித் தோழர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. நபியவர்கள் எங்கள் மத்தியில் இருக்கும்போது நீ இப்படிச் சொல்வதா என்று கேட்டு, யூதரின் கன்னத்தில் அறைந்துவிட்டார்.

அடிபட்டவர் நேரே நபி (ஸல்) அவர்களிடம் போனார். அபுல் காஸிமே, எனக்குப் பாதுகாப்பும் உடன்படிக்கையும் இருக்கின்றன, இன்னார் ஏன் என் முகத்தில் அடித்தார் என்று முறையிட்டார். இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். தம்மை அடித்தவர் யாருக்காக அடித்தாரோ, அவரிடமே போய் நியாயம் கேட்கிறார். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்திருக்கிறது.

நபியவர்கள் அந்தத் தோழரை விசாரித்தார்கள். அவர் நடந்ததைச் சொன்னார். நபியவர்களின் முகத்திலே தெரியும் அளவுக்கு அவர்களுக்குக் கோபம் வந்தது. அல்லாஹ்வின் நபிமாரிடையே ஏற்றத்தாழ்வு கற்பிக்க வேண்டாம் என்றார்கள். பிறகு மறுமையின் ஒரு காட்சியைச் சொன்னார்கள். ஸூர் ஊதப்பட்டு எல்லோரும் மயங்கி விழுந்து, மீண்டும் ஊதப்படும்போது முதலில் எழுப்பப்படுவது தாமாக இருக்கும். அப்போது பார்த்தால் மூஸா அர்ஷைப் பிடித்தபடி நிற்பார். தூர் மலையில் அவர் ஏற்கெனவே மயங்கி விழுந்தது கணக்கில் எடுக்கப்பட்டதா, அல்லது தமக்கு முன்பே அவர் எழுப்பப்பட்டாரா என்பது தமக்குத் தெரியாது என்றார்கள்.

அந்த அன்ஸாரித் தோழரின் அகீதாவில் பிழை இல்லை. நபியவர்கள் மூஸா (அலை) அவர்களை விட மேலானவர்கள் என்றுதான் நாமும் நம்புகிறோம். அப்படியிருந்தும் கோபம் அவர் மீதுதான் வந்தது. இத்தோடு, தாம் மூஸா (அலை) அவர்களை விட மேலானவர் என்று நபியவர்கள் அந்த இடத்தில் சொல்லவில்லை. மூஸா (அலை) அவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிறப்பை எடுத்துச் சொன்னார்கள், அதுவும் அடிபட்ட யூதரின் முன்னால். ஒரு உண்மையை அடுத்தவர் கன்னத்தில் அறையும் கையாக்கிக்கொண்டால் அதன் கதி என்ன என்பதை நான் இந்த ஹதீஸில்தான் படித்தேன். கற்பிட்டி வேலியோரத்தில் நான் அறைந்தது கையால் அல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே ஹதீஸின் கடைசியில், யூனுஸ் இப்னு மத்தாவை விட ஒருவர் சிறந்தவர் என்று நான் சொல்லமாட்டேன் என்ற கருத்தும் வருகிறது. எத்தனையோ நபிமார் இருக்க யூனுஸ் (அலை) ஏன்? அவர்களுடைய சரித்திரம் நமக்குத் தெரியும். சமூகத்தாரோடு கோபித்துக்கொண்டு அனுமதி வருமுன் ஊரை விட்டுப் போனார்கள், கப்பலில் சீட்டு விழுந்தது, மீன் விழுங்கியது. ஸூரதுல் கலமில் அல்லாஹ் நபி (ஸல்) அவர்களிடம், பொறுமையாக இரும், மீனுடையவரைப் போல் ஆகிவிடாதீர் என்றே சொல்கிறான். இதை ஓதுகிற ஒருவருடைய மனதில், யூனுஸ் நபி கொஞ்சம் குறைந்தவரோ என்ற எண்ணம் நுழைய இடமிருக்கிறது. அந்தக் கதவைத்தான் நபியவர்கள் அடைத்தார்கள் என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். குறைவாக நினைக்கப்படக்கூடியவர் யாரோ, அவரின் பெயரைச் சொல்லியே தடுத்தார்கள். அந்த யூனுஸ் நபியின் சமூகத்தார், ஒரு இலட்சம் அல்லது அதற்கும் கூடுதலானோர், ஈமான் கொண்டு தப்பினார்கள் என்பதையும் குர்ஆன்தான் சொல்கிறது.

யூனுஸ் நபியின் பெயர் நபியவர்களின் வாழ்வில் வேறொரு நேரத்திலும் வந்தது. கதீஜா (ரழி) அவர்களும் அபூதாலிபும் காலமான பின் தாயிபுக்குச் சென்று, கல்லடிபட்டு, காலில் இரத்தம் வழிய ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒதுங்கிய நேரம். தோட்டக்காரர்களின் அடிமையான அத்தாஸ் என்ற கிறிஸ்தவர் ஒரு தட்டில் திராட்சை கொண்டுவந்தார். நபியவர்கள் பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கியதைக் கண்டு, இந்த ஊரார் இப்படிச் சொல்வதில்லையே என்று வியந்தார். எந்த ஊர் என்று நபியவர்கள் கேட்க, நீனவா என்றார். இன்றைய ஈராக்கின் மொசூல் நகருக்கு எதிரே, டைகிரிஸ் ஆற்றின் மறுகரையில் இருந்த ஊர் அது. யூனுஸ் இப்னு மத்தா என்ற நல்லடியாரின் ஊரா என்று நபியவர்கள் கேட்டார்கள். உங்களுக்கு அவரை எப்படித் தெரியும் என்று அத்தாஸ் திகைத்தபோது, அவர் எனது சகோதரர், அவரும் நபி, நானும் நபி என்று பதில் சொன்னார்கள். இப்னு ஹிஷாமின் ஸீராவில் இந்த நிகழ்வு இருக்கிறது. அன்று அந்த ஊரில் தம்மைக் கௌரவமாக நடத்திய ஒரே மனிதரிடம் நபியவர்கள் யூனுஸ் நபியை அறிமுகப்படுத்திய சொல் "சகோதரர்" என்பதுதான். யார் பெரியவர் என்ற பேச்சு அங்கே எழவேயில்லை.

மேன்மையைச் சொல்லும் ஹதீஸும் உண்டு, ஒப்பிடுவதைத் தடுக்கும் ஹதீஸும் உண்டு. இவற்றை எப்படிப் பொருத்துவது? டமஸ்கஸுக்குத் தெற்கே நவா என்ற ஊரில் பிறந்து 1277இல் மறைந்த இமாம் நவவீ, ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் ஐந்து விளக்கங்களைத் தருகிறார். தாமே தலைவர் என்று அறிவிக்கப்படுவதற்கு முன் சொல்லியிருக்கலாம், பணிவினால் சொல்லியிருக்கலாம், மற்றவரைக் குறைத்து மதிப்பிட வைக்கும் ஒப்பீட்டை மட்டும் தடுத்திருக்கலாம், சண்டைக்கும் குழப்பத்துக்கும் இட்டுச் செல்லும் ஒப்பீட்டைத் தடுத்திருக்கலாம், நபித்துவம் என்ற பதவியிலேயே வித்தியாசம் பார்ப்பதைத் தடுத்திருக்கலாம்.

முதலாவது விளக்கம் என் மனதில் ஒட்டவில்லை. இப்னு கஸீரும் அதைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார். சந்தை நிகழ்வை அறிவிக்கும் அபூ ஹுரைரா (ரழி) மதீனாவுக்கு வந்ததே மிகப் பிந்தித்தான். அதுவரை நபியவர்களுக்கு இது தெரியாதிருந்தது என்பது தூரமான விஷயம். மூன்றாவதும் நான்காவதும்தான் சந்தையில் நடந்ததோடு அப்படியே பொருந்துகின்றன. மாணவி கேட்ட கேள்விக்கு நேரான பதிலோ ஐந்தாவதில் இருக்கிறது. நபித்துவத்தில் வித்தியாசம் இல்லை, அது 285. அல்லாஹ் கொடுத்த தனிச்சிறப்புகளில் வித்தியாசம் உண்டு, அது 253.

பெற்றோர்களும் இந்தச் சஞ்சிகையைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தவணைப் பரீட்சை முடிந்ததும் நாம் பிள்ளையிடம் முதலில் கேட்பது "எத்தனையாம் பிள்ளை?" என்பதைத்தான். மேன்மை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் வருவது அந்தப் புள்ளிப் பட்டியல். முதலாம் பிள்ளை ஒருத்தி என்றால் மற்ற எல்லோரும் அவளுக்குத் தோற்றவர்கள். அதே கண்ணால் நபிமாரைப் பார்த்தால் பிழைத்துப்போகும். மிஃராஜைப் படிப்பித்தபோது ஒரு பிள்ளை, "ஈஸா நபி இரண்டாம் வானத்தில், ஹாரூன் நபி ஐந்தாம் வானத்தில், அப்படியென்றால் ஈஸா நபிக்குக் குறைவா டீச்சர்?" என்று கேட்டாள். உலுல் அஸ்ம் ஐவரில் ஒருவர் ஈஸா (அலை). ஹாரூன் (அலை) அந்த ஐவரில் இல்லை. வானங்களின் எண்ணிக்கை புள்ளிப் பட்டியல் அல்ல என்பது இதிலேயே தெரிகிறது. இன்னொரு முறை ஒருவர் நபியவர்களைப் படைப்பினங்களில் சிறந்தவரே என்று அழைத்தபோது, அது இப்ராஹீம் என்று பதில் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரழி) அறிவிப்பது. எந்த முதலாம் பிள்ளை இப்படிச் சொல்லும்?

மகளிர் கல்லூரி என்பதால் எப்படியும் வந்துவிடும் கேள்வி ஒன்று: பெண்களில் நபி இருந்தார்களா? பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு இல்லை என்பதே. ஆண்களையே அனுப்பினோம் என்று ஸூரது யூஸுபின் 109ஆம் ஆயத்து சொல்வதை ஆதாரமாகக் கொள்கிறார்கள். ஆனால் குர்துபாவின் இப்னு ஹஸ்ம், மலக்கு நேரில் வந்து பேசிய மர்யம் (அலை) அவர்களையும், வஹீ அறிவிக்கப்பட்ட மூஸா நபியின் தாயாரையும் நபி என்றே கொண்டார். அந்த ஆயத்து தூதர்களைப் பற்றியது, நபிமாரைப் பற்றியதல்ல என்பது அவரது வாதம். தஃப்ஸீர் ஆசிரியர் குர்துபியும் மர்யம் (அலை) நபி என்றே எழுதியிருக்கிறார். பாடத்திட்டத்தில் இது இல்லை, பரீட்சைக்கும் வராது. ஆனாலும் தெரிந்திருங்கள்.

நபிமார் அனைவரும் ஒரு தந்தையின் வெவ்வேறு மனைவியருக்குப் பிறந்த சகோதரர்களைப் போன்றவர்கள், தாய்மார் வேறு, மார்க்கம் ஒன்று என்று நபியவர்கள் விளக்கியிருக்கிறார்கள். மர்யமின் மகன் ஈஸாவுக்கு மனிதரில் மிக நெருக்கமானவர் தாமே என்று சொன்னதும் அந்த ஹதீஸில்தான். புஹாரியில் இதை வாசித்த அன்று எனக்கு என் தோழியின் ஞாபகம் வந்தது.

அவர்கள் குடும்பம் பிறகு நீர்கொழும்புப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டது. கடந்த வருடம் பொதுவான ஒருவரின் கல்யாண வீட்டில் அவளைக் கண்டேன். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. பேசிக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தேன். அன்று நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

அவளுக்கு அந்தச் சண்டையே ஞாபகமில்லை. "ஆனா உங்கட வாப்பா ஒருநாள் பின்னேரம் ஒரு பெட்டி மஸ்கட்டோட எங்கட வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கு. எங்கட அப்பாட்ட ஏதோ மெதுவாச் சொல்லிப்போட்டு, தேத்தண்ணியும் குடிக்காமப் போயிட்டார். என்னத்துக்கு வந்தவர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது" என்றாள்.

எனக்கும் அதுவரை தெரியாது.